உங்கள் கலப்புக் கோழியின் பூர்வீகத்தைக் கண்டுபிடிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

கறுப்பும் வெள்ளையுமாகக் குறுக்குக் கோடு போட்ட ஒரு பெட்டைக்கோழியைக் காட்டி, "இது என்ன இனம்?" என்று கேட்டுப் பாருங்கள். "பிளிமத் ராக்" என்று பட்டென்று பதில் வரும். இருக்கலாம். ஆனால் கொண்டை ரம்பம்போல் நிமிர்ந்து நிற்காமல், தலையோடு படிந்து பின்னால் ஒரு முனை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தால் அது டொமினிக். கொண்டை ரம்பம்போல்தான் இருக்கிறது, கால் மட்டும் மஞ்சளாக இல்லாமல் வெளுத்த இளஞ்சிவப்பாக இருக்கிறது என்றால் மாரன்ஸ் பக்கம் போக வேண்டும். மூன்றுக்கும் சட்டை ஒன்று, ஆள் வேறு.

வெள்ளை உடம்பு, கழுத்திலும் வாலிலும் கறுப்பு என்ற கோலமும் இப்படித்தான். சசெக்ஸுக்கு உண்டு, வயன்டாட்டுக்கு உண்டு, பிரம்மாவுக்கும் உண்டு. அதனால் இந்த வழிகாட்டியில் நிறத்தைக் கிட்டத்தட்டக் கடைசியில்தான் பார்க்கப் போகிறோம். எல்லோரும் முதலில் அதைப் பார்த்துத்தான் ஏமாறுகிறார்கள். நானும் ஏமாந்திருக்கிறேன்.

இன்னொன்றையும் முதலிலேயே பேசிவிடலாம். இனம் என்பது, தலைமுறை தலைமுறையாகத் தன்னைப் போலவே குஞ்சு தரும் ஒரு வம்சத்துக்கு மனிதர்கள் வைத்த பெயர். வீட்டு முற்றத்தில் நாலு வகைக் கோழிகளும் இரண்டு சேவல்களும் கலந்து திரிந்து பிறந்த பெட்டைக்கு அப்படி ஒரு பெயர் கிடையாது. ஆகவே "இது என்ன இனம்?" என்று கேட்காமல், "இதற்குள் யார் யார் இருக்கிறார்கள்?" என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்கும். பெரும்பாலும் அம்மா அப்பா வரை போகலாம், சில சமயம் பாட்டி வரைகூட.

தொடங்கும் முன்

குஞ்சைப் பார்த்துச் சொல்ல வேண்டாம். தூவி நிறம் வேறு, முதல் இறகு வேறு, பெரிய கோழியின் இறகு வேறு. ஐந்து, ஆறு மாதம் ஆகட்டும். கொண்டை சிவந்து முட்டையிடத் தொடங்கியிருந்தால் இன்னும் நல்லது. இறகு உதிர்க்கும் காலத்தில் பார்த்தால் அரைகுறையாகத்தான் தெரியும்.

கோழியைக் கையில் எடுத்துத்தான் பார்க்க வேண்டும். பகலில் துரத்திப் பிடித்தால் அது பதறும், உங்களுக்கும் மூச்சு வாங்கும். இருட்டிய பிறகு அடைந்திருக்கும் இடத்திலிருந்து மெதுவாக எடுத்து ஒரு கூடையில் வைத்துவிட்டு, காலையில் வெளிச்சத்தில் பாருங்கள். மின்விளக்கில் மஞ்சள் காலும் வெள்ளைக் காலும் ஒன்றுபோல் தெரியும்.

ஒரு தராசும் நோட்டும் வேண்டும். நோட்டில் பார்த்ததை மட்டும் எழுதுங்கள். "மாரன்ஸ் கால்" என்று எழுதாதீர்கள்; "காலின் வெளிப்பக்கம் நாலு குட்டை இறகு" என்று எழுதுங்கள். முதலிலேயே இனப் பெயர் எழுதிவிட்டால், அப்புறம் பார்ப்பதெல்லாம் அந்தப் பெயருக்கு ஏற்றமாதிரியே கண்ணில் படும்.

தெரிந்துகொள்ள வேண்டிய மூன்று விதிகள்

பள்ளியில் படித்த மெண்டலை நினைவிருக்கிறதா? அவர் பட்டாணியில் கண்டது விலங்குகளுக்கும் பொருந்தும் என்பதை முதலில் காட்டியவர் வில்லியம் பேட்சன் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி. 1902இல் அவர் அதைக் காட்டியது கோழிக் கொண்டையை வைத்துத்தான். அப்புறம் ரெஜினால்ட் பன்னெட் என்ற இன்னொரு விஞ்ஞானியும் சேர்ந்துகொண்டார். நாம் செய்யப் போவது அவர்கள் செய்ததைத் தலைகீழாக: அவர்கள் பெற்றோரை வைத்துக் குஞ்சைச் சொன்னார்கள், நாம் குஞ்சை வைத்துப் பெற்றோரைத் தேடுகிறோம்.

முதல் விதி: ஓங்கு பண்பு ஒன்று கோழியில் தெரிந்தால், பெற்றோரில் ஒருவராவது அதைக் கொண்டிருந்திருக்க வேண்டும். தாடி இறகு, குடுமி, ஐந்தாம் விரல், கறுப்புத் தோல், நீல முட்டை எல்லாம் இந்த வகை. இவை ஆளைக் காட்டிக்கொடுக்கும்.

இரண்டாவது விதி: ஒடுங்கு பண்பு தெரிந்தால், அம்மா அப்பா இருவரும் அதைக் கொடுத்திருக்க வேண்டும். ஒற்றைக் கொண்டை, மஞ்சள் தோல் இரண்டும் இந்த வகை. இவற்றை வைத்து ஆளைக் கழிக்கலாம். என் அனுபவத்தில் காட்டிக்கொடுப்பவற்றைவிடக் கழிப்பவைதான் அதிகம் உதவுகின்றன. ஆனால் யாரும் அவற்றைக் கவனிப்பதில்லை.

மூன்றாவது, பெட்டைக்கே உரியது. சேவலுக்கு இரண்டு இசட் குரோமோசோம்கள்; பெட்டைக்கு ஒரு இசட், ஒரு டபிள்யூ. பெட்டையின் அந்த ஒரே இசட் அப்பாவிடமிருந்துதான் வரும். ஆகவே இசட் குரோமோசோமில் இருக்கும் எந்தப் பண்பும் ஒரு பெட்டையில் தெரிந்தால் அது அப்பா கொடுத்தது, அம்மா கொடுத்ததல்ல. குறுக்குக் கோடு அப்படிப்பட்டது. பொன் நிறமா வெள்ளி நிறமா என்பதும் அப்படித்தான். அப்பா யாரென்று தெரியாத கோழிகள்தான் முற்றத்தில் அதிகம் என்பதால் இந்த விதி தங்கம்.

கம்பெனி முட்டைக்கோழியா என்று பாருங்கள்

ஒருமுறை எனக்கு ரோட் ஐலண்ட் ரெட் என்று சொல்லி ஒரு பழுப்புப் பெட்டையைக் கொடுத்தார்கள். நானும் அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டேன். கறுப்புச் சேவலோடு சேர்ந்து அது அடைகாத்துப் பொரித்த குஞ்சுகளில் பாதிக்கு மேல் வெள்ளை, அங்கங்கே கறுப்புப் புள்ளி. தூய ரோட் ஐலண்ட் ரெட்டுக்கும் கறுப்புச் சேவலுக்கும் அப்படிப் பிறக்க வழியே இல்லை. அப்புறம்தான் பெட்டையின் வாலைச் சரியாகப் பார்த்தேன். கறுப்பாக இருக்க வேண்டிய வால் வெளுத்திருந்தது. முதுகு இறகை விலக்கினால் அடியில் வெள்ளை. அது கம்பெனி முட்டைக்கோழி.

ஐஎஸ்ஏ பிரவுன், லோமன் பிரவுன், ஹைலைன் பிரவுன் என்ற பெயர்களில் வருபவை இந்த வகை. பொன் நிற வம்சத்துச் சேவலையும் வெள்ளி நிற வம்சத்துப் பெட்டையையும் சேர்த்தால், பொரித்த அன்றே நிறத்தைப் பார்த்து ஆண், பெண் பிரித்துவிடலாம். பெட்டைகள் பழுப்பாகவும் சேவல்கள் வெளிறியும் வரும். அதற்காகவே திட்டமிட்டுச் செய்த கலப்பு இது. பழுப்பு உடம்பு, வெளுத்த வால், சின்ன உருவம், மஞ்சள் கால், கிட்டத்தட்ட தினமும் ஒரு பழுப்பு முட்டை, அடைகாக்கும் எண்ணமே இல்லை என்றால் மேலே தேட வேண்டாம்.

இதன் கறுப்பு அண்ணன் ஒன்றும் உண்டு. உடம்பு கறுப்பு, கழுத்தில் மட்டும் செம்பொன் தெளித்தமாதிரி, ஒற்றைக் கொண்டை. ரோட் ஐலண்ட் ரெட் சேவலையும் கோடு போட்ட பிளிமத் ராக் பெட்டையையும் சேர்த்தால் பெட்டைக் குஞ்சுகள் இப்படி வரும். அம்மாவின் கோடு மகளுக்கு வராது, மகனுக்குத்தான் போகும். மூன்றாவது விதி இங்கே கண்ணுக்கு நேரே தெரியும்.

எடையும் உடல்வாகும்

தூக்கிப் பாருங்கள். லெகார்ன் பெட்டை சுமார் 2 கிலோ. ரோட் ஐலண்ட் ரெட், வயன்டாட், ஆஸ்ட்ரலார்ப் பெட்டைகள் 3 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. ஆர்பிங்டன் மூன்றரையைத் தாண்டும், பிரம்மா நாலைத் தாண்டும், ஜெர்சி ஜயன்ட் நாலரைக்கு வரும். சில்கி ஒரு கிலோ அளவில் நின்றுவிடும். கலப்புக் கோழி பெரும்பாலும் பெற்றோரின் நடுவில் வந்து நிற்கும். ஒன்றரைக் கிலோப் பெட்டைக்குள் பிரம்மா ரத்தம் நிறைய இருக்க வாய்ப்பில்லை.

கண்ணால் மட்டும் எடை போடாதீர்கள். ஆர்பிங்டனும் கொச்சினும் பஞ்சு மூட்டை. கை வைத்தால் இறகுக்குள் விரல் மூழ்கும். அசில், மலாய், கார்னிஷ் இதற்கு நேர் எதிர்: இறகு குறைவு, உடம்போடு ஒட்டியிருக்கும், தூக்கினால் எதிர்பார்த்ததைவிடக் கனக்கும். நெஞ்சில் தசை இறுகி, நின்ற நிலையே நிமிர்ந்து, கண் வெள்ளை முத்துப்போல் வெளிறியிருந்தால் இந்தச் சண்டைக்கோழி வம்சம் கலந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

தலை: இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும்

கொண்டையில் தொடங்குவோம். ரம்பம்போல் ஒரே வரிசையில் பற்கள் நிமிர்ந்திருந்தால் ஒற்றைக் கொண்டை. லெகார்ன், மினோர்கா, சசெக்ஸ், ஆர்பிங்டன், பிளிமத் ராக், மாரன்ஸ் என்று பெரும்பாலான இனங்களுக்கு இதுதான். இது ஒடுங்கு பண்பு. உங்கள் பெட்டைக்குத் தெளிவான ஒற்றைக் கொண்டை என்றால், அதன் அம்மாவோ அப்பாவோ தூய பிரம்மாவாக இருக்க முடியாது, தூய அசிலாகவும் இருக்க முடியாது. ஒவ்வொரு மரபணுவும் அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என்று இரண்டு பிரதியாக வரும்; பட்டாணிக் கொண்டையை (அது எப்படி இருக்கும் என்று கீழே சொல்கிறேன்) இரண்டு பிரதியிலும் வைத்திருக்கும் இனங்கள் அவை. ஒன்றையாவது பிள்ளைக்குக் கொடுத்தே தீரும்.

வயன்டாட் மட்டும் இங்கே கொஞ்சம் ஏமாற்றும். அதற்கு உரியது ரோஜாக் கொண்டை, அதாவது தட்டையாகப் படிந்து மேலெல்லாம் சிறு மணிகள் அடர்ந்தது. ஆனால் இரண்டு பிரதி ரோஜாக் கொண்டை உள்ள சேவல்களுக்குக் கருவுறச்செய்யும் திறன் குறைவு. அதனால் ஒரே பிரதி உள்ள சேவல்கள் அதிகக் குஞ்சு தந்து, தூய வயன்டாட் கூட்டத்திலேயே ஒற்றைக் கொண்டைக் குஞ்சு அவ்வப்போது எட்டிப் பார்க்கும். அதைக் கலப்பு என்று ஒதுக்கிவிட வேண்டாம்.

பட்டாணிக் கொண்டை என்பது மூன்று தாழ்ந்த வரிசைகள், நடுவரிசை சற்று உயரம். ஒரே பிரதி இருந்தால் இவ்வளவு ஒழுங்காக இருக்காது; அகன்று, கோணிக்கொண்டு, நடுவில் ஒற்றைக் கொண்டை பாதி எழுந்து நின்றுவிட்டதுபோல இருக்கும். கலப்புக் கோழிகளில் நீங்கள் அதிகம் பார்க்கப் போவது இந்தக் கோணல் கொண்டையைத்தான். சந்தேகமாக இருந்தால் கீழே பாருங்கள். பட்டாணி மரபணு இருந்தால் அலகுக்குக் கீழே தொங்கும் சதை சின்னதாகிவிடும். நெஞ்செலும்பின் மேல் விரலை ஓட்டினால் தோல் தடித்து ஒரு வரம்புபோல் தட்டுப்படும்.

ரோஜாவும் பட்டாணியும் ஒரே கோழியில் சேர்ந்தால் இரண்டும் இல்லாமல், அக்ரூட் பருப்புபோல் சுருங்கிய ஒரு மேடு வரும். சில்கியிடம் இருப்பது அந்த வகை. கொண்டை இரண்டாகப் பிரிந்து கொம்புபோல் நின்றால் போலிஷ், ஹூடான் போன்ற குடுமிக் கோழிகளின் சாயல்.

குடுமி கலப்பில் சிறுத்துவிடும். போலிஷ் கோழிக்குக் கண்ணை மறைக்கும் குடை. அதன் கலப்புப் பிள்ளைக்குக் கொண்டைக்குப் பின்னால் வாரிவிட்டதுபோல் ஒரு கொத்து. கன்னத்திலும் தாடையிலும் புஸ்ஸென்று இறகு இருந்தால் அமெரௌகானா, ஃபாவரோல், ஹூடான், தாடி வைத்த சில்கி என்று பட்டியல் சட்டென்று குறுகிவிடும். ஒரே பிரதி இருந்தால் தாடி சின்னது; முன்னாலிருந்து பார்த்தால்தான் தெரியும்.

காது மடலை எல்லோரும் முட்டை நிறத்துக்காகப் பார்ப்பார்கள். வெள்ளை மடல் என்றால் வெள்ளை முட்டை, சிவப்பு மடல் என்றால் பழுப்பு முட்டை என்பார்கள். லெகார்னுக்கும் ரோட் ஐலண்ட் ரெட்டுக்கும் சரிதான். ஆனால் டார்க்கிங் சிவப்பு மடலோடு வெள்ளை முட்டையிடும், பெனடசெங்கா வெள்ளை மடலோடு அடர்பழுப்பு முட்டையிடும். கலப்பில் மடல் சிவப்பில் வெள்ளைத் திட்டாக வரும். அப்படி இருந்தால் மத்தியதரைக் கடல் பக்கத்து இனம் ஒன்று, பெரும்பாலும் லெகார்ன், எங்கோ கலந்திருக்கிறது என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். சில்கிக்கு மடல் நீலப் பச்சையாக மின்னும். ஒருமுறை பார்த்தால் மறக்காது.

காலைத் திருப்பிப் பாருங்கள்

கால் நிறத்தில் இரண்டு விஷயங்கள் கலந்து கிடக்கின்றன: தோல் வெள்ளையா மஞ்சளா என்பது ஒன்று, அதற்குள் கருமை இருக்கிறதா என்பது இன்னொன்று. வெள்ளைத் தோலுக்குள் கருமை சேர்ந்தால் சிலேட்டு நிறம். மஞ்சள் தோலுக்குள் சேர்ந்தால் பச்சை. கால் மேல்பக்கம் கறுத்திருந்து எதுவென்று புரியாவிட்டால் பாதத்தைத் திருப்புங்கள். உள்ளங்கால் பொய் சொல்லாது. கறுப்பு ஜெர்சி ஜயன்டும் ஆஸ்ட்ரலார்ப்பும் தூரத்திலிருந்து பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள். ஜெர்சி ஜயன்டின் உள்ளங்கால் மஞ்சள், ஆஸ்ட்ரலார்ப்பினுடையது வெளிர் இளஞ்சிவப்பு.

மஞ்சள் தோல் ஒடுங்கு பண்பு என்று சொன்னேன். சிவப்புக் காட்டுக்கோழிதான் வீட்டுக்கோழியின் முதன்மையான மூதாதை என்றாலும், மஞ்சள் தோலுக்கான மரபணு சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று 2008இல் கண்டுபிடித்தார்கள். நமக்கு வேண்டியது இது: மஞ்சள் கால் பெட்டையின் பெற்றோரில் யாரும் தூய ஆர்பிங்டனோ சசெக்ஸோ மாரன்ஸோ ஆஸ்ட்ரலார்ப்போ அல்ல. அவையெல்லாம் வெள்ளைத் தோல் இனங்கள், முதல் கலப்பில் மஞ்சளை மூடிவிடும். நிறத்தைப் பார்த்து "பாதி ஆர்பிங்டன்" என்று அடித்துச் சொல்லும் பலரை இந்த ஒரு சோதனை நிறுத்திவிடும்.

ஒரு எச்சரிக்கை. முட்டையிடும் பெட்டையின் மஞ்சள் மெல்ல மெல்லக் கருவுக்குப் போய்விடும். முதலில் பின்துவாரத்தைச் சுற்றி, பிறகு கண் வளையம், மடல், அலகு, கடைசியில் கால். மாதக்கணக்கில் இட்ட கோழியின் கால் வெளிறி வெள்ளைக் கால்போல நிற்கும். முட்டை நிறுத்தி இறகு உதிர்க்கும்போது மஞ்சள் திரும்பும். அப்போது பாருங்கள்.

விரல்களை எண்ணுங்கள், இரண்டு காலிலும். ஐந்து விரல் இருந்தால் டார்க்கிங், ஃபாவரோல், ஹூடான், சில்கி, சுல்தான் ஆகிய ஐந்தில் ஒன்று பெரும்பாலும் அதன் வம்சத்தில் இருக்கும். சில கலப்புகளில் ஒரு காலில் ஐந்து, மறு காலில் நாலு என்றிருக்கும். அதுவும் கணக்கில் சேரும். ஐந்தாம் விரல் இல்லை என்பதற்காக இவர்களைக் கழித்துவிட முடியாது. மரபணு இருந்தும் விரல் வராமல் போவதுண்டு.

காலில் இறகு இருந்தால் பிரம்மா, கொச்சின், லாங்ஷான், ஃபாவரோல், பிரெஞ்சு வகை மாரன்ஸ், சில்கி. கலப்பில் அது காலின் வெளிப்பக்கம் மட்டும் ஓரிரண்டு குச்சிகளாகக் குறையும். செதில்களுக்கு நடுவே விரலால் தடவிப் பார்த்தால்தான் சில நேரம் தெரியும்.

தோல், இறகின் அமைப்பு

இதில் அதிகம் சொல்ல இல்லை. கழுத்தில் இறகே இல்லாமல் முன்பக்கம் மட்டும் ஒரு கொத்து தொங்கினால் மொட்டைக் கழுத்து மரபணு ஒரு பிரதி. கொத்தும் இல்லாமல் வழுவழுவென்று இருந்தால் இரண்டு பிரதி. இறகு வெளிநோக்கிச் சுருண்டிருந்தால் சிலிர்ப்பு மரபணு. இவை எந்த இனத்திலும் புகுத்தப்பட்டிருக்கலாம் என்பதால் இனத்தைச் சுட்டுவதில்லை.

சில்கி வேறு கதை. அதன் பட்டுப்போன்ற இறகு ஒடுங்கு பண்பு. முதல் கலப்பில் பிறக்கும் பிள்ளைக்குச் சாதாரண இறகுதான் இருக்கும். அதனால் சில்கியின் பிள்ளையைப் பார்த்து "இதில் சில்கி எங்கே?" என்று கேட்பார்கள். இறகை விட்டுவிட்டு மற்றதைப் பாருங்கள்: ஐந்து விரல், கருநாவல் நிற முகம், சுருங்கிய கொண்டை, பின்னால் சின்னக் குடுமி, காலில் நாலு இறகு, வருடத்துக்குப் பல முறை அடைக்கு உட்காரும் பிடிவாதம். ஒரே கோழியில் இத்தனையும் வேறு யாரும் கொண்டுவர முடியாது.

கறுப்புத் தோல் கடக்நாத்திலும் அயாம் செமானியிலும் உண்டு. அவற்றுக்கு நாலு விரல், ஒற்றைக் கொண்டை, இறகில்லாத கால். ஆகவே குழப்பம் வராது. தோலின் கருமையைத் தடுக்கும் மரபணு ஒன்று இசட் குரோமோசோமில் இருக்கிறது. உங்கள் பெட்டையின் தோல் முழுக் கறுப்பாக இருந்தால் அந்தத் தடுப்பை அப்பா கொடுக்கவில்லை. கருமை அங்கங்கே திட்டுத் திட்டாக நின்றிருந்தால், பெரும்பாலும் அம்மாதான் கறுப்புத் தோல்காரி, அப்பா மஞ்சள் கால் அல்லது வெள்ளைக் கால் சேவல்.

இப்போது நிறம்

வெள்ளைக் கோழியில் கறுப்புப் புள்ளிகள் சிதறியிருந்தால் உள்ளே ஓங்கு வெள்ளை மரபணு ஒரு பிரதிதான் இருக்கிறது. லெகார்ன் அல்லது கம்பெனிக் கோழி வழி வந்தது, மறுபக்கம் கறுப்பு. சாம்பல் நீலக் கோழி என்றால் நீல மரபணு ஒரு பிரதி. அப்படிப்பட்ட இரண்டைச் சேர்த்தால் கறுப்பு, நீலம், அழுக்கு வெள்ளை மூன்றும் பிறக்கும்.

ஒவ்வொரு இறகுக்கும் கரை கட்டியதுபோல் கறுப்பு ஓரம் வர வேண்டுமானால் பல மரபணுக்கள் ஒன்றுகூட வேண்டும். கலப்பில் அந்தக் கூட்டணி உடைந்து, ஓரம் தடித்தும் மெலிந்தும் பாதியில் அறுந்தும் போகும். அதனால் கரை சுத்தமாக இருந்தால் அந்தக் கோழி அநேகமாகத் தூய இனம். குழம்பியிருந்தால் வயன்டாட் போன்ற ஒன்று கலந்திருக்கிறது.

கழுத்து பொன்னிறமாக இருந்தால் அப்பா பொன் கொடுத்தார், வெள்ளியாக இருந்தால் வெள்ளி கொடுத்தார். குறுக்குக் கோடும் அப்பா கொடுத்ததுதான். கோடு போட்ட சேவல் ஒன்றுதான் கூட்டத்தில் இருந்தது என்றால், கோடு போட்ட பெட்டைகளின் அப்பா யாரென்ற வழக்கு அங்கேயே முடிந்துவிடும்.

முட்டையை உடைத்து ஓட்டின் உட்புறம் பாருங்கள்

பழுப்பு நிறம் கடைசிச் சில மணி நேரத்தில் ஓட்டின் மேல் பூசப்படும் வண்ணம். உள்ளே ஓடு வெள்ளையாகவே இருக்கும். நீலம் அப்படியல்ல, ஓடு முழுக்க ஊறியிருக்கும். பச்சை முட்டை என்று தனியாக ஒரு நிறம் இல்லை. நீல ஓட்டின் மேல் பழுப்புப் பூச்சு விழுந்தால் பச்சை. பூச்சு அடர்த்தியாக இருந்தால் ஆலிவ் நிறம். ஆகவே முட்டையை உடைத்து, உள்சவ்வை உரித்துவிட்டு உட்புறத்தைப் பாருங்கள். நீலமாக இருந்தால் நீல மரபணு இருக்கிறது.

பழைய வைரஸ் ஒன்றின் துண்டு கோழியின் டிஎன்ஏவில் போய் ஒட்டிக்கொண்டதால் வந்த நிறம் இது என்று 2013இல் தெரியவந்தது. அது ஒட்டிய இடம் பட்டாணிக் கொண்டையின் மரபணுவுக்குப் பக்கத்து வீடு மாதிரி. அதனால் அரௌகானா, அமெரௌகானா வழியில் இரண்டும் பெரும்பாலும் சேர்ந்தே பிள்ளைக்குப் போகும். பிரம்மாவிடமிருந்து வந்த பட்டாணிக் கொண்டையோடு நீலம் வராது. ஒற்றைக் கொண்டையோடு நீல முட்டை என்றால் கிரீம் லெக்பாரை நினைத்துக்கொள்ளுங்கள்.

பழுப்பு, பல மரபணுக்களின் கூட்டு வேலை. வெள்ளை முட்டை இனத்தோடு பழுப்பு முட்டை இனம் கலந்தால் நடுவில் ஒரு சந்தன நிறம் வரும். கலப்பாக இருந்தும் அடர்பழுப்பு என்றால் மாரன்ஸ், வெல்சமர், பார்னவெல்டர், பெனடசெங்கா இவர்களில் ஒருவர் இருப்பார்.

ஒரு பெட்டையை முழுதாகப் பார்ப்போம்

என் நோட்டிலிருந்து ஒரு பக்கம். கறுப்பு வெள்ளைக் குறுக்குக் கோடு, கோடுகள் நேராக இல்லை, கலைந்திருக்கின்றன. எடை 2 கிலோ 600 கிராம். கொண்டை தாழ்ந்து, கோணி, முன்பக்கம் மட்டும் இரண்டு பல் எழுந்திருக்கிறது. அலகுக்குக் கீழே சதை சின்னது. கன்னத்தில் லேசான புஸ். கால் வெள்ளை, உள்ளங்காலும் வெள்ளை. நாலு விரல். வலது காலின் வெளிப்பக்கம் மூன்று குட்டை இறகு, இடது காலில் ஒன்று. முட்டை ஆலிவ், ஓட்டின் உட்புறம் வெளிர்நீலம்.

இதைக் கொடுத்தவர் "பிளிமத் ராக்" என்றார். பிளிமத் ராக் தாடியும் தராது, பட்டாணிக் கொண்டையும் தராது, நீலமும் தராது. சரி, பாதி பிளிமத் ராக்கா? கோடு அப்பா கொடுத்தது என்பதால் அப்பாவாகத்தான் இருக்க வேண்டும். அம்மா தாடிக்காரி, நீல முட்டைக்காரி, அதாவது அமெரௌகானா வகை. வெள்ளைத் தோல் அம்மாவிடமிருந்து வந்திருக்கலாம், அதுவரை இடிக்கவில்லை. ஆனால் கால் இறகு? பிளிமத் ராக்குக்கும் கிடையாது, அமெரௌகானாவுக்கும் கிடையாது. முட்டையும் ஆலிவ் வரை போகாது, பிளிமத் ராக்கின் சாதாரணப் பழுப்பில் இளம்பச்சையோடு நின்றிருக்கும். கோடு, கால் இறகு, அடர்பழுப்புப் பூச்சு, வெள்ளைத் தோல் நாலையும் ஒரே ஆளாகக் கொடுக்கக்கூடியவர் கோடு போட்ட பிரெஞ்சு வகை மாரன்ஸ் சேவல். கோடுகள் கலைந்திருப்பதும் மாரன்ஸ் வழக்கமே.

நோட்டில் இப்படி எழுதி வைத்தேன்: அப்பா கோடு போட்டவர், இது உறுதி. அப்பா மாரன்ஸ், வலுவான ஊகம். அம்மாவிடம் தாடி, பட்டாணி, நீலம் இருந்தன, கிட்டத்தட்ட உறுதி. அவள் தூய அமெரௌகானாவா, ஏற்கெனவே கலந்தவளா என்பது இந்த ஒரு மகளை வைத்துத் தெரியாது. இந்த மூன்று படி வித்தியாசத்தை எழுதி வைக்காவிட்டால், ஆறு மாதம் கழித்து ஊகமெல்லாம் உறுதியாகத் தோன்றும்.

மறைந்திருப்பதைப் பார்க்க வேண்டுமானால்

நீல முட்டை மரபணுவுக்கு இறகை அனுப்பிப் பரிசோதிக்கும் ஆய்வகங்கள் இருக்கின்றன. மற்றதுக்கெல்லாம் கோழியே ஆய்வகம். பெட்டையின் ரோஜா அல்லது பட்டாணிக் கொண்டைக்கு அடியில் ஒற்றைக் கொண்டை மறைந்திருக்கிறதா, வெள்ளைக் காலுக்கு அடியில் மஞ்சள் மறைந்திருக்கிறதா என்று தெரிய, ஒற்றைக் கொண்டையும் மஞ்சள் காலும் உள்ள சேவலோடு மட்டும் விடுங்கள். முன்பு வேறு சேவலோடு இருந்திருந்தால் மூன்று வாரமாவது பிரித்து வைத்த பிறகு முட்டை சேருங்கள். பழைய சேவலின் விந்து அதுவரைகூட உள்ளே தங்கும். 21 நாளில் பொரிக்கும். கொண்டை வகை பொரித்த அன்றே உற்றுப் பார்த்தால் தெரியும், கால் நிறம் தெளிய இன்னும் சில வாரங்கள் பொறுக்க வேண்டும்.

ஒரே ஒரு குஞ்சு ஒற்றைக் கொண்டையோடு வந்தாலும் போதும், பெட்டை அதை மறைத்து வைத்திருக்கிறது என்பது தெரிந்துவிடும். ஒன்றும் வரவில்லை என்றால் எத்தனை குஞ்சு பார்த்தீர்கள் என்பதைப் பொறுத்தது. மூன்று குஞ்சு மட்டும் என்றால், மறைத்து வைத்திருந்தும் தப்பிவிட எட்டில் ஒரு வாய்ப்பு உண்டு. பத்துக் குஞ்சிலும் வரவில்லை என்றால் அது ஆயிரத்தில் ஒன்றாகக் குறைந்துவிடும்.